பிரசங்கம் எங்கே நடக்க வேண்டும்?

கொடுங்கையூர் மூலக்கடையில் மாலை வேளையில் நின்றிருக்கும் நேயர்கள் ஒரு வேடிக்கையைக் கவனித்திருக்கலாம். கவியரசு கண்ணதாசனின் பெயரை நெற்றியில் சூடிக்கொண்டு பஸ்கள் வருகின்றன. கண்டக்டர் அப்பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் கொடுக்கிறார். அந்த வட்டாரத்திலேயே முத்தமிழ் நகரும் இருக்கிறது. கவிஞர் ஒரு பேட்டைக்கும், இயலும் இசையும் நாடகமும் இன்னொரு பேட்டைக்கும் பெயர் தந்திருக்கும்போது, தமிழுக்கு வேறென்ன மரியாதை வேண்டும் என்று தோன்றும். ஆனால் பெயர்ப் பலகை கவி பாடுவதில்லை. எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளி செல்லாமலே, 'சேரமான் காதலி'க்காக 1980-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றவர் கண்ணதாசன். அவர் பெயர் கொண்ட இடத்தில், கல்லூரிப் படியேறாதவர்களும் நல்ல பிரசங்கம் கேட்கவும் கவிதை கேட்கவும் வழி இருக்க வேண்டாமா?

சென்னைச் சர்வகலாசாலை 1857-ஆம் வருஷத்தில் ஸ்தாபிதமாயிற்று. தமிழ், சரித்திரம், தத்துவம் முதலிய துறைகளின் சார்பில் சேப்பாக்கம் கடற்கரைக்கு எதிரே அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் நடைபெறுவதை நேயர்கள் அறிவார்கள். பொதுமக்கள் வரலாம் என்று அழைப்பிதழில் அச்சிடுவதும் உண்டு. ஆயினும் கதவு திறந்திருப்பது வேறு, வழி திறந்திருப்பது வேறு. எண்ணூரிலோ மணலியிலோ வேலை முடித்து மாலையில் வீடு திரும்புகிறவர், முகம் கழுவிக்கொண்டு இரண்டு பஸ் மாறிச் சேப்பாக்கம் போய்ச் சேரும்போது, நன்றியுரையும் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.

ஆகையால் பிரசங்கந்தான் ஜனங்களைத் தேடி வர வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். வடசென்னைக்கு இது புதிய யோசனையும் அன்று.

கொடுங்கையூரிலிருந்து சில மைல் தூரத்தில் உள்ளது திருவொற்றியூர். 12-ஆம் நூற்றாண்டில் சோழ மன்னன் இரண்டாம் இராஜாதிராஜன் அவ்வூர்க் கோயிலில் பங்குனி உத்திரத் திருவிழாவின்போது அமர்ந்து, சுந்தரமூர்த்தி நாயனாரின் புராணத்தைக் கேட்ட செய்தியைக் கல்வெட்டு சொல்கிறது. அரசனுக்கு வேண்டுமானால் பௌராணிகரைத் தன் அரண்மனைக்கு வரவழைத்திருக்கலாம். பிரசங்கம் நடந்த இடத்துக்கு அவனே வந்தான். அதே கோயிலில் இலக்கணம் போதிப்பதற்கென்று வியாகரண தான வியாக்கியான மண்டபம் ஒன்றும் இருந்தது. அதன் பராமரிப்புக்கும் ஆசிரியர், மாணாக்கர் ஜீவனத்துக்கும் 65 வேலி நிலம் மானியமாக விடப்பட்டது. இக்காலத்து அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு இதைப் பாட்டன் என்று சொல்லலாம். அம்மண்டபத்தில் எல்லா ஜாதியாரும் உட்கார்ந்து கேட்டார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பது பிற்காலத்தார்க்கு விட்ட வேலை.

அந்த வேலையில் ஒரு பங்கைப் பெரம்பூர் செய்தது. பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளுக்கு அருகே வியாபாரம் நடத்திய ஸ்ரீ செல்வபதி செட்டியாரும் ஸ்ரீ இராமானுஜுலு நாயுடுவும், ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்ற ஒரு சபையை நடத்திவந்தார்கள். ஆலைத் தொழிலாளர் அங்கே கூடிப் பக்திப் பிரசங்கங்கள் கேட்பது வழக்கம். பிரசங்கம் முடிந்ததும் ஜனங்கள் கலைந்துவிடவில்லை, பேசத் தொடங்கினார்கள். மத்தியான உணவுக்கு விடும் நேரம் போதவில்லை என்றார்கள். மேஸ்திரிகளின் கடுமையைச் சொன்னார்கள். வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராயிருந்து 'தேசபக்தன்' ஆசிரியரான திரு. வி. கலியாணசுந்தர முதலியார் அச்சபைக்கு வந்து பேசினார். 1918-ஆம் வருஷம் ஏப்ரல் 27-ஆம் தேதி, ஸ்ரீ பி. பி. வாடியா தலைவராகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அதுவே என்று சரித்திர ஆசிரியர்கள் பலர் கூறுகிறார்கள். புராணம் கேட்க வந்தவர்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லக் கற்றுக்கொண்டு எழுந்தார்கள். ஒரு பிரசங்கத்துக்கு இதைவிட என்ன பலன் வேண்டும்?

"அது தேசிய இயக்கம்; சர்வகலாசாலைப் புலமை இப்படித் தெருவுக்கு வந்தால் மதிப்புக் குறைந்துவிடாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு ஸ்ரீ ரா. பி. சேதுப்பிள்ளை அவர்களை நினைவூட்டுகிறோம். 1936 முதல் 1961-இல் காலமாகும் வரை சென்னைச் சர்வகலாசாலையில் தமிழ்ப் பணி புரிந்தவர் அவர். பகலில் வகுப்பு நடத்தியதோடு கடமை தீர்ந்தது என்று அவர் இருக்கவில்லை. வாலிபர் கிறிஸ்தவ சங்க மண்டபத்தில் கம்பராமாயணம், கோகலே மண்டபத்தில் சிலப்பதிகாரம், தங்கசாலையில் திருக்குறள், கந்தகோட்டத்தில் கந்தபுராணம் என்று வருஷக் கணக்கில் பொதுமக்களுக்கு எடுத்துச் சொன்னார். இவை யாவும் ஜார்ஜ் டவுனில், கடைக்காரரும் குமாஸ்தாவும் வேலை முடிந்து வந்து உட்காரக்கூடிய இடங்கள். இதனால் அவர் புலமை தேய்ந்ததா? 'சொல்லின் செல்வர்' என்ற பட்டம் அவருக்கு வந்தது. 1955-இல் தமிழுக்கான முதல் சாகித்திய அகாதமி விருதும் அவருடைய 'தமிழின்பம்' நூலுக்கே கிடைத்தது. தம் அன்னை சொர்ணம்மாளின் பெயரால் சர்வகலாசாலையில் சொற்பொழிவு அறக்கட்டளையும் நிறுவினார்.

"இப்போதுதான் கைபேசியில் எல்லாப் பிரசங்கமும் கிடைக்கிறதே" என்பது மற்றோர் ஆட்சேபம். கிடைக்கிறது; நாமும் கேட்கிறோம். ஆனால் கைபேசியை நிறுத்தி, "ஐயா, அந்த இடம் எனக்கு விளங்கவில்லை" என்று சொல்ல முடியாது. சொன்னாலும் பக்கத்தில் இருப்பவர், "எனக்குந்தான்" என்று சேர்ந்துகொள்ள மாட்டார். பெரம்பூரில் காரியம் நடந்தது பிரசங்கத்தால் மட்டும் அன்று, அது முடிந்த பின் ஜனங்கள் தமக்குள் பேசிக்கொண்டதால்.

இன்னொரு நியாயமும் உண்டு. நகரத்தின் குப்பையைப் பல்லாண்டுகளாக 300 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் தாங்கிவந்திருக்கிறது கொடுங்கையூர். குப்பை லாரிகளுக்கு அந்த வழி நன்றாகத் தெரியும். பேராசிரியர்களுக்கும் கவிஞர்களுக்கும் அது தெரிய வேண்டாமா? சர்வகலாசாலை ஜனங்களின் வரிப்பணத்தாலும் நடப்பது. நகரத்தின் கழிவை ஏற்றுக்கொண்ட பேட்டைக்கு நகரத்தின் கல்வியிலும் ஒரு பங்கு அனுப்புவது தர்மம் அன்று, கடன்.

இதற்குப் பெரிய பொருட்செலவு வேண்டியதில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு பள்ளிக்கூட மண்டபம், நாலு ஜமக்காளம், கேட்கும்படியான ஓர் ஒலிபெருக்கி போதும். ஒரு பேராசிரியர் முக்கால் மணி நேரம் பேசட்டும். அரை மணி நேரம் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். பிறகு பேட்டையிலுள்ள இளங்கவிகள் தாம் எழுதியதைப் படிக்கட்டும். பொன்னாடைகளும் வரவேற்புரைகளும் வீட்டிலேயே ஓய்வெடுக்கலாம். ஸ்திரீகளுக்கும் குழந்தைகளுக்கும் முன்வரிசை கொடுக்க வேண்டும்.

சர்வகலாசாலைக்கு நாம் சொல்வது இவ்வளவே. நேயர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. அப்படி ஒரு மாலை கூடினால், வீட்டில் பாட்டியையும் பள்ளிப் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போய் ஜமக்காளத்தில் உட்காருங்கள். பிரசங்கம் முடிந்ததும் செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் ஏதோ சொல்ல வருவார். அதையும் கேட்டுவிட்டு வாருங்கள்.