சிற்றில் சிதைக்கும் கால்கள்

ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒன்று உண்டு. தெருவில் சிறுமிகள் மணலைக் குவித்து வீடு கட்டி, அடுப்பு வைத்து, அந்த மணலையே சோறாகப் பொங்கி விளையாடிக்கொண்டிருப்பார்கள். பாட்டுடைத் தலைவனான குழந்தை நடந்துவந்து அதைக் காலால் எத்திக் கலைப்பான். கலைக்காதே என்று சிறுமிகள் அவனைக் கெஞ்சுவதாகப் பத்துப் பாடல்கள் இருக்கும். பெண்பாற் பிள்ளைத்தமிழில் இதற்கு ஈடாக எதுவும் கிடையாது. அங்கே பெண்குழந்தை அம்மானை ஆடும், நீராடும், ஊசலாடும். எவனுடைய சிறுதேரையும் அது உடைப்பதில்லை.

இருபது வருடங்களாக வகுப்பில் இதை நடத்திவருகிறேன். இந்த இடம் வந்ததும் பையன்கள் பக்கம் ஒரு சிரிப்பு எழும். குறும்பு, பிள்ளை விளையாட்டு என்று விளக்கிவிட்டு அடுத்த பருவத்துக்குப் போய்விடுவதுதான் நம் ஆசிரியர்களின் வழக்கம். கட்டியவர்களின் பக்கம் உட்கார்ந்து பார்த்தவள் ஆண்டாள். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகத்தில் சிறுமிகளே பேசுகிறார்கள். எவ்வளவு நேரம் குனிந்து கட்டினோம் என்ற கணக்கு அந்தக் கெஞ்சலுக்குள் இருக்கிறது. பக்தி உரைகள் அந்தக் கணக்கை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

வீடியோ கேம் பற்றி எழுத உட்கார்ந்தவள் பிள்ளைத்தமிழில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. நான் கேம் ஆடுகிறவள். பள்ளி நாட்களில் கையடக்கமான பிரிக் கேமில் கட்டம் அடுக்கியதில் தொடங்கி, இப்போது லேப்டாப்பில், இரவு பத்தரைக்குமேல், பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு ஆடுகிறேன். கல்லூரியில் இது தெரியவந்தபோது ஒரு சக ஆசிரியர், "முனைவர் பட்டம் வாங்கிட்டு கேமா மேடம்?" என்றார். அவர் தினமும் கைப்பேசியில் ரம்மி ஆடுகிறவர். அதை விடுங்கள். என்னை உறுத்துவது என் அண்ணன் மகன் சொன்ன ஒரு வாக்கியம். நான் ஆடுபவற்றின் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் கேமே இல்ல அத்தை" என்றான். எது கேம்? சுடுவது, ஓட்டுவது, இடிப்பது. எது கேம் இல்லை? கட்டுவது, நடுவது, சமைப்பது, யாரோடாவது பேசி உறவாவது. இருபது வயதுப் பையனுக்கு இந்த வரையறையை யாரும் பாடம் எடுக்கவில்லை. சிற்றிலை எத்தும் பிள்ளைக்கும்தான் யாரும் சொல்லித்தரவில்லை.

அவன் கொண்டாடும் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோவை நானும் ஆடியிருக்கிறேன். 2013இல் வந்த ஐந்தாம் பாகத்தின் நகரம் அழகானது. அந்தி நேரத்தில் கடற்கரைச் சாலையில் வானொலியைப் போட்டுக்கொண்டு காரில் சும்மா சுற்றுவது எனக்குப் பிடிக்கும். நிஜ வாழ்வில் அந்த நேரத்தில் தனியாக அப்படிச் சுற்ற எனக்கு வாய்ப்பில்லை என்பதும் ஒரு காரணம். ஆனால் அந்தப் பெரிய நகரத்தின் கதைக்கு மூன்று நாயகர்கள், மூவரும் ஆண்கள். 2001இல் வந்த மூன்றாம் பாகத்தில், பாலியல் தொழிலாளியைக் காரில் ஏற்றினால் ஆடுபவனின் உயிர் அளவு கூடும். பிறகு அவளைக் கொன்றால் கொடுத்த பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 'அப்படிச் செய் என்று கேம் கட்டாயப்படுத்தவில்லையே' என்பார்கள். கட்டாயப்படுத்தவில்லைதான். அந்த வழியை யோசித்து, நிரல் எழுதி, சோதித்துப் பார்த்துத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஒரு பெண்ணின் சாவைப் பண வரவாக எழுதிவைக்க ஒருவர் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்.

மாரியோவை வெறுக்க எனக்கு மனம் வராது. 1985இல் வந்த அந்தக் கேமின் தாவலில் இருக்கும் கச்சிதம் எந்த யாப்புக்கும் குறைந்ததல்ல. ஆனாலும் கோட்டை கோட்டையாகத் தாண்டிப் போனால், இளவரசி இங்கே இல்லை, வேறு கோட்டையில் இருக்கிறாள் என்று ஏழு முறை சொல்கிறார்கள். அவள் ஆள் இல்லை, பரிசுக் கோப்பை. இருபது வருடம் கழித்து அந்த இளவரசி பீச்சுக்கென்று நின்டெண்டோ தனியாக ஒரு கேம் செய்தது. அவளுக்குக் கொடுத்த ஆற்றல் என்ன தெரியுமா? மகிழ்ச்சி, கோபம், அழுகை, அமைதி. அழுதால் கண்ணீர் பாய்ந்து செடி வளரும்! மாரியோ தாவுவான், இவள் அழுவாள். மெய்ப்பாட்டியலைக் கரைத்துக் குடித்த எனக்கே அது தாங்கவில்லை. 1986இல் வந்த மெட்ராய்டின் கதை இன்னும் மோசம். கவசம் அணிந்த வீரர் பெண் என்று கடைசியில்தான் தெரியும். எவ்வளவு விரைவாக முடிக்கிறோமோ அவ்வளவு குறைந்த உடையில் அவளைக் காட்டுவார்கள். திறமைக்குப் பரிசாகப் பெண்ணுடல்.

லாரா கிராஃப்டைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் கடந்துபோகிறேன். புனேயில் உருவாகி 2020இல் வந்த ராஜி பார்க்க அழகு, கடத்தப்பட்ட தம்பியைத் தேடிப்போகும் அக்காவின் கதை. அவளுக்கும் துர்க்கைதான் ஆயுதம் தர வேண்டியிருக்கிறது. நம் ஊரில் பெண் கையில் ஆயுதம் வர வேண்டுமானால் சாமி சம்மதிக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தவற்றைச் சொல்கிறேன். முதலில் போர்ட்டல், 2007. அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கிம் ஸ்விஃப்ட் என்ற இளம்பெண். மாணவியாக இருந்தபோது நண்பர்களோடு செய்த கேமின் கருவை வைத்து வால்வ் நிறுவனத்துக்குள் நுழைந்தவர். கையில் துப்பாக்கி போன்ற ஒரு கருவி இருக்கும், அது யாரையும் கொல்லாது. இந்தச் சுவரில் ஒரு வாசலும் அந்தச் சுவரில் ஒரு வாசலும் திறக்கும். இதில் நுழைந்தால் அதில் வெளியே வரலாம். நாம் யாராக ஆடுகிறோம் என்பதை யாரும் அறிமுகப்படுத்துவதில்லை. இரண்டு வாசல்களையும் ஒரு வாகாகத் திறந்துவைத்தால், தூரத்தில் ஓர் உருவம் நடப்பது தெரியும். ஆரஞ்சு நிற உடை, கலைந்த தலைமுடி. அந்தப் பெண்தான் நான் என்று அப்போதுதான் புரியும். அவள் யாருக்கும் காட்சிப்பொருளாக நிற்கவில்லை. என்னைத் தவிர அவளைப் பார்க்கக் கேமராக்கள் மட்டும்தான். அவளை அடைத்துவைத்துச் சோதிக்கும் இயந்திரத்துக்கும் பெண் குரல். பாராட்டுவதுபோல் குத்திக்காட்டிக்கொண்டே இருக்கும் அந்தக் குரலை நான் சில வீடுகளின் கூடத்தில் கேட்டிருக்கிறேன்.

அடுத்தது த சிம்ஸ். 1991இல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் பரவிய பெருந்தீயில் வில் ரைட் என்ற வடிவமைப்பாளரின் வீடு எரிந்துபோனது. இழந்தவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தபோது, வீடு கட்டி ஆட்களைக் குடிவைக்கும் ஒரு கேம் அவர் மனதில் உருவானது. பொம்மை வீடா, இதை யார் ஆடுவார்கள் என்று அவர் நிறுவனத்துக்குள்ளேயே தயக்கம். 2000இல் ஒருவழியாக வெளிவந்தது. இரண்டே ஆண்டுகளில், அதுவரை மிக அதிகமாக விற்ற கணினி விளையாட்டான மிஸ்டை முந்தியது. ஆடியவர்களில் பெரும்பகுதி பெண்கள். சிற்றில் கட்டும் சிறுமிகளுக்கு யாரோ ஒருவன் நல்ல மணல் கொடுத்தான், அவ்வளவுதான் நடந்தது. நான் அதில் கட்டிய வீட்டில் ஒரு பெண் மட்டும் வசிக்கிறாள். அடுக்களை சின்னது, படிக்கும் அறை பெரியது. கதவைத் தட்டினால் திறக்க வேண்டும் என்ற கட்டாயம் அவளுக்கு இல்லை. இது கேமே இல்லை என்கிறவனுக்கு அப்படி ஓர் அறையின் அருமை தெரிய வேண்டிய தேவை இருந்ததில்லை.

வெண்பாவுக்கு வருகிறேன். டொரண்டோவில் தமிழ் இளைஞர் ஒருவரின் முயற்சியில் உருவாகி 2023இல் வெளியான கேம். 1988இல் கனடாவுக்குக் குடிபெயரும் ஒரு தமிழ்க் குடும்பம், அதன் தாயின் பெயர் வெண்பா. யாப்புகளில் கண்டிப்பு மிகுந்த ஒன்றின் பெயரைச் சுமக்கும் நாயகியைக் கண்டதும் தமிழ்க்காரிக்குத் துள்ளல்தான். 2024இல் பாஃப்டாவின் அறிமுகக் கேம் விருது பெற்றது. என் தோழிகள் இருவர் முகம் சுளித்தார்கள். ஒருவழியாகத் தமிழ்ப் பெண் கதாநாயகியானால் அவளை அடுப்படியிலா நிறுத்துவது என்றார்கள். நான் உடன்படவில்லை. அந்தக் கேமில் சமையல் ஒரு பாடச்சிக்கல். அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் மை அழிந்தும் கிடக்கிறது. இருக்கும் சொற்களை வைத்து இல்லாத சொற்களை ஊகிக்க வேண்டும். இட்டலித் தட்டுகளை எந்த வாகில் அடுக்கினால் ஆவி ஏறும், எதற்குப் பின் எதைப் போட வேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டும். சிதைந்த ஏட்டைச் சேர்த்துப் படித்த ஆண்களைத் தாத்தா என்று கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். எண்ணெய் படிந்த நோட்டைச் சேர்த்துப் படிப்பவளின் அறிவுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் கைப்பக்குவம். வெண்பா அதை அறிவு என்று நடத்துகிறது. ஆடுபவர் தவறாகச் செய்து, திரும்ப யோசிக்கவும் வைக்கிறது. தட்டு எப்படி நிறைகிறது என்று யோசித்தே இராத என் அண்ணன் மகன், இட்டலித் தட்டில் இரண்டு முறை தோற்றான். அப்போது அது கேமா இல்லையா என்று அவன் கேட்கவில்லை.

எனக்கு அதனோடு வேறு சண்டை இருக்கிறது. வெண்பா ஊரில் ஆசிரியை. புது நாட்டில் அந்தப் படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல் திண்டாடுகிறாள். அதைக் கேம் உரையாடலாகச் சொல்கிறது. நம் கைகளுக்கு அது தருவதெல்லாம் கரண்டிதான். அவள் கையில் சாக்பீஸைக் கொடுத்து, பலகையில் ஒரு வெண்பாவை அலகிட வைக்கும் கட்டம் ஒன்று வந்திருந்தால் நான் இரவெல்லாம் ஆடியிருப்பேன். இன்னொன்று, தாயின் வாழ்வுக்கான நியாயம் கடைசியில் மகனின் புரிதலில் வந்து நிற்கிறது. மகன் புரிந்துகொள்ளாமலே போயிருந்தால் அந்த வாழ்வு என்ன, கணக்கில் வராதா?

இனி எத்தும் கால்கள். குழுவாகச் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம் ஒன்றில் ஒருமுறை மைக்கைத் திறந்து "இடதுபக்கம் ஆள் இருக்கு" என்றேன். ஒரு கணம் அமைதி. பிறகு ஒருவன், "ஆன்ட்டி, சமையல் முடிஞ்சுதா?" என்றான். அடுத்தவன் சொன்னதை இங்கே எழுத முடியாது. மூன்றாமவன் என் அணியிலேயே இருந்துகொண்டு என்னைச் சாகவிட்டான். என் மாணவிகளிடம் சொன்னபோது அவர்கள் வியக்கவில்லை. ஆண் பெயரில் கணக்கு, எப்போதும் மூடிய மைக், இதுதான் அவர்களுடைய விதிமுறை. கேமில் வரும் பெண்களைப் பற்றிக் காணொளித் தொடர் செய்யப்போவதாக 2012இல் அனிதா சர்க்கீசியன் அறிவித்தபோது, அவருடைய முகத்தை அடித்து வீங்கவைக்கும் கேம் ஒன்றையே ஒருவன் செய்து வெளியிட்டான். 2014இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பேச இருந்தபோது, சுட்டுத்தள்ளுவோம் என்று மிரட்டல் வந்தது. அரங்குக்குள் துப்பாக்கி கொண்டுவருவதைச் சட்டப்படி தடுக்க முடியாது என்று ஆனதும் அவர் அந்தக் கூட்டத்தை ரத்து செய்தார். 2020இல் த லாஸ்ட் ஆஃப் அஸின் இரண்டாம் பாகத்தில் ஆபி என்ற தசை திரண்ட பெண் வந்தாள். அவளுக்குக் குரல் கொடுத்த நடிகைக்குக் கொலை மிரட்டல்கள் போயின. குறும்பாம்.

பெண்கள் ஆடும் கேம் என்று கேலி செய்யப்படும் கேண்டி க்ரஷ்ஷை நான் கேலி செய்யமாட்டேன், புகழவும் மாட்டேன். ஐந்து உயிர், தீர்ந்தால் அரைமணி நேரத்துக்கு ஒன்று திரும்ப வரும். பேருந்தில், உலை கொதிக்கும் இடைவெளியில், மாமியாருக்கு மருந்து கொடுத்துவிட்டு அடுத்த அழைப்பு வரும்வரை ஆடலாம். கிழிந்து கிழிந்து கிடைக்கும் பெண்ணின் நேரத்தை அந்த நிறுவனம் நம் குடும்பங்களைவிடத் துல்லியமாக அளந்துவைத்திருக்கிறது, அந்தத் துணுக்குகளை விலையாக்கவும் தெரிந்துவைத்திருக்கிறது. இணையத்தில் கூடி ஆடும் கேமை நடுவில் நிறுத்திவைக்க முடியாது. அதை ஆட வேண்டுமானால் நாற்பது நிமிடம் யாரும் 'அம்மா' என்று கூப்பிடாத ஒரு வீடு வேண்டும். என் அண்ணன் மகனுக்கு அது கிடைக்கிறது. அவன் ஆடும்போது அவன் அம்மா தட்டை அறைக்கே கொண்டுபோய் வைக்கிறாள். அவள் கைப்பேசியை எடுத்தால், "எப்பப் பாத்தாலும் போனு" என்று சொல்பவனும் அவன்தான். ஆகவே என்னிடம் யார் நல்ல பிளேயர் என்று கேட்டால், முதலில் உன் தட்டை யார் கழுவினார்கள் என்று கேட்பேன்.

நான் வேலை பார்த்த கல்லூரி ஒன்றில் ஆண்டுவிழாவுக்குக் கேமிங் போட்டி உண்டு. சுற்றறிக்கையில் மாணவர்களுக்கு என்று போட்டு, மாணவிகளுக்குக் கோலம், மெகந்தி, அடுப்பில்லாச் சமையல் என்று பிரித்திருந்தார்கள். கோலம் எனக்குப் பிடிக்கும், புள்ளிக் கணக்கு தெரியாமல் அதைப் போட முடியாது. ஆனால் பிரித்தது யார் என்று கேட்டுத் துறைத் தலைவரிடம் போய் நின்றேன். "பொண்ணுங்க யாரும் பேர் தரமாட்டாங்கம்மா" என்றார். பெயர் தரும் தாளை நானே வாங்கி எங்கள் துறைச் சுவரில் ஒட்டினேன். மூன்றாம் நாள் நான்கு பெயர்கள் இருந்தன. நான்கும் அவர்கள் கேமில் வைத்திருந்த ஆண் பெயர்கள். மறுநாள் காலை யாரோ அவற்றை அடித்துவிட்டுப் பக்கத்திலேயே சொந்தப் பெயர்களை எழுதியிருந்தார்கள், வகுப்பும் பதிவெண்ணும் சேர்த்து.