‘கணபதி’யில் எத்தனை எழுத்து? ஏஐ காலத்திலும் புரோகிராமர்கள் ஏன் கூடிப் பேசுகிறார்கள்?

கோவை சத்தி ரோட்டில், காந்திபுரத்துக்கும் சரவணம்பட்டிக்கும் நடுவில் இருக்கிறது கணபதி. இந்த ஊர்ப் பெயரில் எத்தனை எழுத்து? க, ண, ப, தி என்று நான்கு. ஒண்ணாம் கிளாஸ் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் பைத்தானிடம் எண்ணச் சொன்னால் 5 என்கிறது. ஜாவாஸ்கிரிப்டும் அதையேதான் சொல்கிறது.

ஏன் இந்தக் குழப்பம்?

யூனிகோடில் ‘த’வுக்கு ஓர் எண், அதன் மேல் வரும் ‘ி’ குறிக்குத் தனியாக இன்னோர் எண். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் தனி எண்தான். நிரல்மொழி எண்ணுவது இந்த எண்களைத்தான், நாம் படிக்கும் எழுத்துகளை அல்ல.

இதில் என்ன நஷ்டம்?

ஒரு வெப் ஃபார்மில் பெயருக்கு 10 எழுத்து வரம்பு வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘கிருஷ்ணமூர்த்தி’ 8 எழுத்துதான், தாராளமாக இடம் இருக்க வேண்டும். ஆனால் கணினிக் கணக்கில் அது 15. பத்தோடு வெட்டினால் மிஞ்சுவது ‘கிருஷ்ணமூர’. புள்ளிகூட இல்லை! ரசீதோ சான்றிதழோ இப்படி அச்சாகி வந்தால், திருத்த அலைய வேண்டியது அவர்தான்.

தீர்வு இல்லையா?

இருக்கிறது. 2010-ல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது, யூனிகோடையும், ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் தரும் டேஸ் 16 முறையையும் தமிழக அரசு ஏற்றது. ஆனால் போனிலும் இணையத்திலும் இன்று புழங்குவது யூனிகோடுதான். அதனால் கோடு எழுதுபவர்தான் கவனமாக இருக்க வேண்டும். பைத்தானுக்கு ‘ஓப்பன்-தமிழ்’ என்ற இலவச நூலகம் இருக்கிறது. அது எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும். ஜாவாஸ்கிரிப்டில் ‘இன்ட்ல் செக்மென்டர்’ அதே வேலையைச் செய்கிறது. இரண்டுக்கும் சில வரிகள் போதும்.

ஏஐயிடம் கேட்டால் போதாதா?

கேட்கத் தெரிந்தால் ஏஐயும் சரியான கோடு தரும். சிக்கல் என்னவென்றால், இப்படியொரு பிரச்சினை இருப்பதே தெரியாதவர் அதைக் கேட்கவே மாட்டார். யூசர் குரூப் கூட்டங்களின் பயன் இங்கேதான். ஒருவர் தன் வேலையில் மாட்டிய சிக்கலைச் சொல்வார். கேட்டவருக்கு, ‘அட, நம்ம ஆப்பிலும் இது இருக்குமே’ என்று பொறிதட்டும்.

இது புதுப் பழக்கம் அல்ல. ஸ்டீவ் வோஸ்னியாக் தன் ஆப்பிள் 1 கணினியை முதலில் காட்டியது, 1975-ல் கலிபோர்னியாவில் ஒரு கார் ஷெட்டில் தொடங்கிய ஹோம்புரூ கிளப்பில்தான். தமிழகத்தில் சென்னை லினக்ஸ் பயனர் குழு, பைத்தானுக்கான சென்னைபை, காஞ்சிபுரம், விழுப்புரம் லினக்ஸ் குழுக்கள் எனப் பல உண்டு. காஞ்சிக் குழு இணையவழியில் தமிழிலேயே பேசுகிறது; கோவையிலிருந்தும் சேரலாம்.

கூட்டத்துக்குப் போகுமுன் ஒரு சின்ன டெஸ்ட்: நீங்கள் உருவாக்கிய ஃபார்மில் உங்கள் முழுப் பெயரைத் தமிழில் டைப் செய்யுங்கள். சேமித்துவிட்டுத் திறந்து பாருங்கள். எங்காவது புள்ளியோ கொம்போ காணாமல் போயிருந்தால், கூட்டத்தில் பேச உங்களிடமும் ஒரு விஷயம் இருக்கிறது.