சேற்றுக்கு ஒரு டயர், சோற்றுக்கு ஒரு டயர்

ஜீப்புக்கும் பிக்கப்புக்கும் விற்கிற டயர்களில் இரண்டு ரகம் பிரபலம். ஒன்று மட் டெர்ரைன், அதாவது சேற்று டயர். மற்றது ஆல் டெர்ரைன். எல்லா ரோட்டுக்கும் என்று பெயர். எல்லாவற்றிலும் சுமாராக என்று அர்த்தம். கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் கண் முதல் ரகத்துக்குத்தான் போகும். தடித்தடியாய்ப் பட்டன்கள், நடுவே விரல் நுழைகிற பள்ளங்கள், முதலை முதுகு மாதிரி. பார்த்தாலே நாலு பேர் வழிவிடுவார்கள்.

என் மச்சினன் (கோத்தகிரிப் பக்கம் காரட் தோட்டம், சொந்தமாக ஒரு ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்) போன வாரம் போன் செய்தான்.

"மாமா, மட் டயர் போட்டுடலாம்னு இருக்கேன்."

"எதுக்கு மாப்ளே?"

"மழை பேஞ்சா தோட்டத்துப் பாதை முழுக்க சேறு மாமா. அப்புறம்... கெத்தா இருக்கும்."

பி.காம். படித்தவனிடம் டயரைப் பற்றிக் கேட்டால் அவன் லெட்ஜரைத்தான் திறப்பான். திறந்தேன். தோட்டத்திலிருந்து தார் ரோடு வரை மண் பாதை ஒன்றரை கிலோமீட்டர். அங்கிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு 38. போக வர மொத்தம் 79. அதில் சேறு 3. நூற்றுக்கு நாலு கூடத் தேறவில்லை.

இனி பற்று வரவு.

வரவு: சேற்றில் மட் டயரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அகலப் பள்ளங்கள் சேற்றைக் கவ்வி, சக்கரம் சுற்றும்போது வெளியே உதறிவிடும். பள்ளம் குறுகலான டயரில் சேறு அப்பிக்கொண்டு, புது டயரே மொட்டை டயர் மாதிரி ஆகிவிடும். பக்கச்சுவரும் தடிமன், கல் குத்திச் சுலபத்தில் கிழியாது.

பற்று: அதே பள்ளம்தான். பள்ளம் கூடினால் தாரைத் தொடுகிற ரப்பர் குறையும். ஒரு டயர் ரோட்டைத் தொடுகிற இடமே ஒன்றிரண்டு உள்ளங்கை அளவுதான். ஆல் டெர்ரைன் பட்டன்களில் பிளேடால் கீறின மாதிரி மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். ஈரத் தாரைப் பிடிப்பது அந்த விளிம்புகள்தான். மட் டயரில் அவை குறைவு. ஆகவே மழையில் பிரேக் அடித்தால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் ஓடும். தவிர, தாரில் சீக்கிரம் தேயும், டீசல் குடிக்கும், தேனீக்கூட்டம் துரத்துகிற மாதிரி இரையும்.

"மாப்ளே, சேத்துல மாட்டினா என்ன ஆகும்?"

"டிராக்டர் வரணும். ஒரு மணி நேரம் போகும். ஊரே சிரிக்கும்."

"ஐப்பசி மழையில, காரட் மூட்டையோட, இறக்கத்துல, கொண்டை ஊசி வளைவுல வண்டி நிக்கலேன்னா?"

போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பக்கத்து சீட்டில் தினமும் ஒரு லோடுமேன் வருகிறார். டயர் எதுவென்று அவரை யாரும் கேட்பதில்லை.

ஆல் டெர்ரைன் என்று முடிவானது. டிராக்டர்காரருக்கு வருஷத்துக்கு நாலைந்து தடவை வேலை இருக்கும். இருக்கட்டுமே.

மட் டயர் யாருக்கு? தார் ரோட்டையே பார்க்காத எஸ்டேட் ஜீப்புக்கு, கல் குவாரி வண்டிக்கு. ஆபீஸ், வீடு, ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீடு என்று ஓடுகிறவர்களுக்கு ஆல் டெர்ரைனே அதிகம். சாதாரண ரோடு டயர் போதும். (மாமியார் வீட்டுப் பாதையை நான் பார்த்ததில்லை.)

எதை வாங்கினாலும் பக்கச்சுவரைப் படியுங்கள். சைஸை அடுத்து வரும் எண் சுமைக் கணக்கு. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். கம்பெனி போட்டுக் கொடுத்ததைவிட அது குறையக்கூடாது. டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையில் கடைசி நாலு எண், பிறந்த தேதி. 2324 என்றால் 2024-ஆம் வருஷம் 23-வது வாரம். கடைக்காரர் 'புது ஸ்டாக் சார்' என்று சொல்லும்போது குனிந்து பார்க்கலாம்.

கடைசியாக, சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது. பள்ளத்துக்குள் அதற்கென்றே குட்டி மேடுகள் வைத்திருக்கிறார்கள். பட்டன் தேய்ந்து அவற்றோடு சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது. அதற்கப்புறம் ஓடுவது உங்கள் ஆயுள்.