தூத்துக்குடிக்கு 2,000 பேரைக் கூட்டி வந்த ஐஎன்எஸ் ஜலஸ்வா: 50 வயது தாண்டிய கப்பலுக்கு மாற்று எங்கே?

2020 ஜூன் 2. கொரோனாவால் வழக்கமான சர்வதேச விமானங்கள் நிறுத்தப்பட்டிருந்த நேரம். கொழும்பில் சிக்கியிருந்த 685 பேருடன் ஒரு போர்க்கப்பல் தூத்துக்குடி வந்தது. அடுத்த சில நாட்களில் மாலத்தீவிலிருந்து 700 பேர், ஜூலை 1-ல் ஈரானிலிருந்து 687 பேர். மூன்று முறையும் வந்தது ஒரே கப்பல்தான்: ஐஎன்எஸ் ஜலஸ்வா.

'சமுத்திர சேது' திட்டத்தில் கடற்படை மீட்ட 3,992 பேரில் 3,300-க்கும் மேற்பட்டவர்களைக் கூட்டி வந்தது இதுதான். வளைகுடாவில் சொந்தக்காரர்கள் வேலை பார்க்கும் வேலூர், ஆம்பூர் குடும்பங்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை.

அப்படி என்ன ஸ்பெஷல்?

பின்பக்கத்தைத் தாழ்த்திக் கதவைத் திறந்தால் கடல் நீர் உள்ளே வரும். உள்ளே நிற்கும் படகுகள் வீரர்களோடும் வாகனங்களோடும் மிதந்து வெளியே போகும். அதனால் துறைமுகம் இல்லாத கரையிலும் ஆட்களை இறக்கலாம். சுமார் 1,000 வீரர்கள் தங்க இடம் உண்டு. அந்த இடம்தான் பேரிடரில் மக்களுக்குப் பயன்படுகிறது.

ஆனால் இது புதுக் கப்பல் இல்லை. 1971-ல் அமெரிக்கக் கடற்படையில் 'டிரென்டன்' என்ற பெயரில் சேர்ந்தது. 1991-ல் சோமாலியா உள்நாட்டுப் போரிலும், 2006-ல் லெபனானிலும் மக்களை மீட்டது. அதாவது ஆள் மீட்பு இதற்குப் பழைய வேலை! 2007-ல் சுமார் 4.8 கோடி டாலருக்கு இந்தியா வாங்கியது. ஜலஸ்வா என்றால் நீர்யானை.

சர்ச்சையும் உடனே வந்தது. 2008 பிப்ரவரியில் கப்பலில் விஷவாயு கசிந்து கடற்படையினர் உயிரிழந்தனர். அதே ஆண்டு சிஏஜி அறிக்கை, தாக்குதலுக்குப் பயன்படுத்த அமெரிக்கா போட்ட கட்டுப்பாடுகளைச் சுட்டிக்காட்டியது. பழைய கப்பலை இப்படி வாங்கலாமா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் வாங்காமல் இருந்திருந்தால் 2020-ல் நிலைமை இன்னும் சிக்கலாகியிருக்கும்.

மாற்று என்ன ஆச்சு?

இதே ரகத்தில் நான்கு கப்பல்களை இந்தியாவிலேயே கட்ட 2013-ல் டெண்டர் விட்டார்கள். இழுத்து இழுத்து, 2020-ல் அது ரத்தானது. 2021-ல் மறுபடி முதலிலிருந்து விவரம் கேட்டார்கள். 2025 அக்டோபரில்தான் பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சில் முதற்கட்ட ஒப்புதல் தந்தது. விலைப்பேச்சு, ஒப்பந்தம், கட்டுமானம் எல்லாம் இதற்குப் பிறகுதான். அதுவரை இந்தப் பழைய நீர்யானையைத்தான் ஓட்டியாக வேண்டும்.