துரை விட்டுச்சென்ற கார்

நம்மிடம் உயர்தர வகுப்பிற் பௌதிகம் பயிலும் மாணவர் ஒருவர் சென்ற மாதம் மடித்த தாளொன்றுடன் நம் இல்லம் வந்தார். பரீட்சை பற்றிய ஐயம் போலும் என்று எண்ணி வாங்கிப் பார்த்தோம். அது ஒரு செலவுத் திட்டம். வீட்டுக் கொட்டகையிற் கிடக்கும் பழைய எம்.ஜி. மிட்ஜெட் காருக்கு ஜப்பானிய எஞ்சின் ஒன்றைப் பொருத்துவதற்குரிய கணக்கு. கொழும்புப் பஞ்சிகாவத்தையில் எஞ்சின் வாங்குவது, அதை லொறியில் நுவரெலியாவுக்கு ஏற்றி வருவது, பொருத்துகூலி என மூன்றே வரிகள். அடியில், பணம் வரும் வழி என்னும் இடத்தில், "அப்பாவின் சேமலாப நிதி" என்று எழுதியிருந்தது.

அந்தக் கடைசி வரிதான் நம்மைக் கவலைக்குள்ளாக்கியது. தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். கார் அவருக்குத் தம் தந்தை வழி வந்தது. 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசு பொறுப்பேற்றபோது, ஊர் திரும்பிய துரை ஒருவர் அதைத் தம் சாரதியிடமே விட்டுப் போனாராம். 1961இல் வெளிவந்த முதல் மாதிரி அது.

நம் நாட்டிற் பழைய வண்டிகளின் ஆயுள் நீள்வதற்குப் பாசம் மட்டும் காரணமன்று. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு கார் இறக்குமதியை முடக்கியது. 2020 மார்ச்சில் மறுபடி அடைபட்ட கதவு தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே திறந்தது. திறந்த பின்னரும் விலையைக் கேட்டவர்கள் வீட்டிலிருப்பதையே திருத்திக்கொள்ளத் துணிகின்றனர். நம் இளைஞருக்கோ இன்னொரு கனவும் உண்டு. நுவரெலியாவில் மாகஸ்தோட்டைத் தேயிலைச் சரிவில் 1934இல் தொடங்கிய மலையேற்றக் கார்ப் போட்டியைச் சிறுவயது முதல் வேலியோரம் நின்று பார்த்தவர் அவர்.

"பழைய எஞ்சின் பயன்படாது என்று எவ்வாறு முடிவு கட்டினீர், தம்பி?" என்றோம்.

"அமுக்கம் அளந்து பார்த்தேன், சேர். மூன்று சிலிண்டர்களிற் புத்தகத்து அளவைவிட ஐந்திலொரு பங்கு குறைவு. நான்காவதிற் பாதிகூட இல்லை."

இவ்விடத்தில் நமக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டோம். புத்தகம் எழுதியவர் கடல்மட்டத்தில் நின்று எழுதினார். நுவரெலியாவோ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. இங்குள்ள காற்றழுத்தம் கடற்கரையிலுள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. கொழும்பில் 150 காட்டும் ஆரோக்கியமான சிலிண்டர் இங்கே 120 அளவில் நிற்பதுதான் இயல்பு. ஆகவே மூன்று சிலிண்டர்களுக்கு நோயில்லை. நோய் நான்காவதில்தான். வகுப்பில் இதே பாடத்திற் சிறந்த புள்ளி வாங்கியவர் அவர் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

அடுத்த ஞாயிறு அக்கொட்டகைக்குச் சென்றோம். தந்தையார், "வாங்க மாஸ்டர்" என்று பலகையொன்றைத் துடைத்துப் போட்டார். நான்காம் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தார்கள். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடைவெளியை அடைக்கும், அளவு உயரும். உயரவில்லை. "வால்வு" என்றார் தந்தையார். தலைப்பகுதியைக் கழற்றியபோது, கழிவுப்புகை வால்வு ஓரம் கருகிப் பிளந்திருந்தது. ஈயம் கலந்த பெற்றோலை நம்பிச் செய்த எஞ்சின் அது. ஈயமில்லாப் பெற்றோலில் நெடுங்காலம் ஓடினால் வால்வு இருக்கைகள் தேய்ந்து உட்செல்லும். அவ்விடத்தே கடினமான வளையம் பதித்து, புது வால்வு போட்டால் நோய் தீரும். லேத் பட்டறையில் ஓரிரு நாள் வேலை.

ஒருவேளை சிலிண்டர்களும் தேய்ந்திருந்தால்? அப்போதும் ஜப்பானுக்குப் போகவேண்டியதில்லை. இந்த எஞ்சின் 1951இல் ஆஸ்டின் ஏ-30இற் பிறந்து, மினி காரில் 2000ஆம் ஆண்டு வரை வாழ்ந்த ஒரு பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. மிட்ஜெட்டின் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் 1956 முதல் மொரிஸ் மைனரில் வந்ததும் உடன்பிறப்புகள். மைனரின் பிந்திய 1098 எஞ்சினும் சிறு மாற்றங்களோடு இதிற் பொருந்தும். அதற்குக் கிளட்ச் பெரிது என்பதை மட்டும் வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். வேற்றுக் குடும்பத்து எஞ்சின் மலிவாகக் கிடைக்கலாம். ஆயின் அதைத் தாங்கும் கொளுவிகள், அதன் கியர்ப்பெட்டி, நீளம் மாற்றிய சுழல்தண்டு, பெரிய ரேடியேட்டர், புதிய புகைக்குழாய், மின்கம்பி வேலை இவையனைத்தும் எஞ்சினின் பின்னே வரிசையாக வரும் விருந்தினர். மாணவரின் மூன்று வரிகளில் இவர்களில் எவருக்கும் இலை போடப்படவில்லை. பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் இருப்பதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வாசலையும் மிதிக்க நேரும்.

நாம் அவரிடம் வற்புறுத்தியது வேறொன்று. 1962இல் அக்கம்பெனியார் மிட்ஜெட்டின் எஞ்சினை 948இலிருந்து 1098ஆகப் பெரிதாக்கினர். வலு 46 குதிரையிலிருந்து ஏறத்தாழ 56 ஆயிற்று. இந்தப் பத்துக் குதிரைக்காக அவர்கள் முன்சக்கரங்களின் டிரம் பிரேக்கை அகற்றி டிஸ்க் பிரேக் பூட்டினர். செய்தவர்களே இவ்வளவு அஞ்சியிருக்க, நம் மாணவர் இரட்டிப்பு வலுவை நான்கு சக்கரத்திலும் டிரம் உள்ள வண்டிக்கு ஏற்றப் பார்த்தார். அவருடைய தாளில் பிரேக் என்ற சொல்லே இல்லை!

மாகஸ்தோட்டைப் போட்டி ஏறுவதற்கு மட்டுமே. வீடு திரும்பும் வழியோ இறக்கம். நானுஓயாவை அடுத்த ரதல்லை வீதியில் 2023 ஜனவரி 20ஆம் நாள் பஸ்ஸும் வானும் முச்சக்கர வண்டியும் மோதி ஏழு உயிர்கள் போனதை இப்பகுதியார் மறக்கவில்லை. அதன் காரணத்தை ஆராய்வது நம் வேலையன்று; அவ்விறக்கம் எத்தகையது என்பதற்காகவே சொன்னோம். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பல்லாண்டு பனியிற் கிடந்த எண்ணெய், நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறும்போது கொதித்து ஆவியாகும். அப்போது மிதிகட்டை தரையைத் தொட்டாலும் வண்டி நில்லாது. அக்காலத்துக் காரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்வழி. ஓரிடத்தில் ஒழுகினால் கால்பிரேக் முழுவதும் போயிற்று.

தண்ணீரின் கதையும் இதுவே. நுவரெலியாவில் அது ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கும். ரேடியேட்டரின் அழுத்த மூடி பழுதென்றால், இரண்டாம் கியரில் இரம்பொடை ஏற்றத்தைத் தாண்டுமுன் ஆவி கிளம்பிவிடும். மூடியின் விலை என்ன? எஞ்சின் விலையோடு ஒப்பிட நா கூசும்.

மூவரும் அமர்ந்து புதுத் தாள் எழுதினோம். முதலில் பிரேக்: குழாய்கள், சக்கர சிலிண்டர்கள், புதிய எண்ணெய். அடுத்து ரேடியேட்டர், ரப்பர்க் குழாய்கள், மூடி. மூன்றாவதாகத்தான் எஞ்சின் தலை. வயிற்றுப் பகுதியையும் திறந்து பேரிங்குகளைப் பார்த்துவிடலாம் என்றார் தந்தையார். தேயிலை உருட்டும் யந்திரங்களோடு வாழ்ந்த கை அது, சும்மா இராது. எதிர்பாராச் செலவுக்கென மொத்தத்தில் நான்கிலொரு பங்கை ஒதுக்கினோம். கூட்டிப் பார்த்தபோது சேமலாப நிதியின் பெரும்பகுதி வங்கியிலேயே இருக்கும் என்று தெரிந்தது. இதுவரை ஒன்றும் பேசாது தேநீர் கொண்டுவந்து வைத்த தாயார், அந்தத் தொகையை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார்.

"ஏப்ரலில் ஓடலாமா, சேர்?" என்றார் மாணவர்.

"முதலில் நானுஓயாவுக்கு மெதுவாகப் போய்த் திரும்பி வா" என்று தந்தையாரே பதில் கூறினார்.

சக்கர சிலிண்டருக்கான ரப்பர்கள் வந்துவிட்டன என்றும், வால்வுகளை அரைத்துப் பொருத்தும் வேலை மகனிடமே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்றும் நேற்று அறிந்தோம். பழைய தாளை அவர் கிழித்துவிடவில்லை. பௌதிக நூலினுள் அது இருப்பதை வகுப்பிற் கண்டோம், கேட்கவில்லை.