ஆமை புகுந்த வளவு

"ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கண்டிக்கு அருகே, மகாவலிக் கரையோரம் குடியிருக்கும் ஆசிரிய நண்பர் ஒருவரின் இல்லத்துக்கு அண்மையில் சென்றிருந்தோம். அவர் வளவின் பலாமரத்தடியில் காராமையொன்று மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிச் சென்றிருந்தது. முதிய அன்னையார் அப்பழமொழியைச் சொல்லி, "அதை அப்புறப்படுத்து, தம்பி" என்றார். நண்பர் இணங்கவில்லை. குஞ்சு வெளிவரத்தக்க கண்களையுடைய கம்பிவலையால் அவ்விடத்தைக் கவித்து, நாயும் கீரியும் கிளறாதவாறு ஓரங்களிற் கல் அடுக்கினார்.

இது சிறு செயலன்று. இலங்கையின் நன்னீர்நிலைகளுக்கு இயல்பாக உரிய ஆமைகள் இரண்டே. ஒன்று காராமை, மற்றது பாலாமை. பாலாமையைச் சிங்கள மக்கள் 'கிரி இப்பா' என்பர். 'கிரி' என்பதும் பாலே. இரு மொழியாரும் ஒரே பொருளில் பெயரிட்ட இவ்வினம், இத்தீவிலன்றி வேறெங்கும் இல்லை என்று இன்றைய ஆய்வாளர் கொள்வர்.

ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் அமைக்கத் தொடங்கிய கண்டி வாவியின் ஓரத்தே ஆமைகள் வெயில் காய்வதைப் பலரும் கண்டிருப்பர். நீரில் வாழினும், முட்டையிட அவை கரையேறியே ஆகவேண்டும். கண்டியிலோ கரை என்பது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய வளவு. வீதியும் மதிலும் சீமெந்துத் தரையும் அந்நிலத்தைக் குறுக்கிவிட்டன. விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டிலேயே பிறந்தது உண்மை. ஆயினும், வேலிக்குள் நிகழ்வதை வீட்டுக்காரரன்றி வேறு யார் அறிவார்?

மக்கள் மனம் மாறுதல் அரிதன்று. தங்காலைக்கு அண்மையிலுள்ள ரெக்கவைக் கடற்கரையில், கடலாமை முட்டைகளைத் தோண்டி விற்றுவந்த ஊரவரே 1996 முதல் ஊதியம் பெற்று அவற்றின் காவலர் ஆயினர். 2006இல் அக்கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கண்டியில் வேண்டுவது அத்துணையும் அன்று. முட்டைகளைப் புரட்டாமல் இட்ட இடத்திலேயே விடுதல் வேண்டும்; புரட்டினால் உள்ளிருக்கும் கரு மடிந்துபோகலாம். நாயைக் கட்டிவைத்தலும், மதிலின் அடியில் ஆமை செல்லுமளவு வழி விடுதலும் போதும்.

நம் முன்னோர் பிறிதொன்றும் சொன்னார்கள். பறவை தொட்டும், மீன் நோக்கியும், ஆமை நினைந்தும் தத்தம் முட்டைகளைப் பொரிக்கும் என்றனர். குருவின் அருளுக்கு அவர்கள் காட்டிய உவமை அது. உண்மையிலோ, முட்டையிட்ட ஆமை திரும்பி வருவதில்லை. மண்ணின் வெம்மையே குஞ்சு பொரிக்கச் செய்கிறது. தாய் நினையாத முட்டைகளை நினைக்கும் பொறுப்பு, அவ்வாறாயின், நிலத்துக்கு உரியவரைச் சார்ந்ததன்றோ?

மறுமுறை நாம் சென்றபோது, கோலூன்றிய கையோடு அயல்வீட்டு நாயைப் பலாமரத்தடியிலிருந்து விரட்டிக்கொண்டிருந்தார் அந்த அன்னையார். பழமொழியை அவர் திரும்பவும் சொல்லக் கேட்டிலோம். மாணவர்க்குப் பழமொழி கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனையும் சேர்த்துச் சொல்வார்களாக.