உடலுக்கு மருந்து - உள்ளத்துக்கு விலங்கா?

காய்ச்சல் கண்டால் கஷாயம் வைக்கிறோம். கால் ஒடிந்தால் கட்டுப் போடுகிறோம். நெஞ்சு வலித்தால் நள்ளிரவானாலும் வண்டி பிடித்து ஓடுகிறோம். உள்ளம் நொந்தால் மட்டும் செய்வது என்ன? ஊருக்குத் தெரியாமல் மறைக்கிறோம்! மறைக்க முடியாதபோது மந்திரிக்க அழைத்துப் போகிறோம்! அதுவும் பலிக்காவிட்டால், காலிலே சங்கிலி மாட்டுகிறோம்!

மிகைபடப் பேசுகிறோமா? இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியைக் கேளுங்கள். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. தீப்பற்றிற்று அங்கே, தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகையிலே. ஓடிப் பிழைத்திருப்பர் உள்ளே இருந்தோர் - கால்களைச் சங்கிலி பிணைத்திராவிட்டால்! மடிந்தோர் 28 பேர்.

அவர்கள் செய்த குற்றந்தான் என்ன? களவாடினரா? கொலை புரிந்தனரா? நோயுற்றனர்; நோயுற்ற உறுப்பு மூளை. அவ்வளவே! மூளை உடலைச் சேர்ந்ததன்றோ? உடலுக்கு வெளியே ஆகாயத்திலா தொங்குகிறது அது?

மருத்துவம் அறிந்தோர் கூறுவதைக் கேளுங்கள். கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி சோர்ந்தால் மனமும் சோர்கிறது. வைட்டமின் பி12 மிகவும் குறைந்தால் நினைவு தடுமாறுகிறது. உடல் இவ்விதம் உள்ளத்தைத் தாக்க, உள்ளம் சும்மா இருக்கிறதா? ஓயாத கவலையிலே கார்டிசால் என்னும் சுரப்புநீர் மிகுகிறது, சர்க்கரை ஏறுகிறது. சோர்விலே மூழ்கியவர் உணவை வெறுக்கிறார், மாத்திரையை மறக்கிறார். இருக்கும் நோய் இருமடங்காகிறது.

கடுமையான மனநோய் கொண்டோர் மற்றவரைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே மாண்டுபோகின்றனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களுள் பெரும்பாலோரைக் கொண்டுபோவது எது? இதயநோய் போன்ற, தடுக்கக்கூடிய உடல்நோய்களே! வியப்பில்லை. “நெஞ்சு வலிக்கிறது” என்று மனநோயாளி சொன்னால், “உளறுகிறான்” என்று ஒதுக்குகிறோம். அது உளறலல்ல என்பது, பாடை கட்டும்போதுதான் புரிகிறது நமக்கு!

சட்டம் இல்லையா? உண்டு. ஏர்வாடிக் கொடுமைக்குப் பின், அந்த ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்தது. மாநில அரசு அவ்வூர்க் காப்பகங்களை மூடிற்று. 2017-ல் நிறைவேறிய மனநலப் பாதுகாப்புச் சட்டம், எவ்வடிவிலும் விலங்கிடக்கூடாது என்கிறது. உடல்நோயாளிக்குச் சமமாக மனநோயாளியை நடத்து என்கிறது. காப்பீட்டிலும் பேதம் கூடாது என்கிறது. ஏட்டிலே சமம் வந்துவிட்டது. வீட்டிலே? வீதியிலே?

1794-ல் வேர்விட்டது சென்னையின் அரசு மனநல மருத்துவமனை. நோய் தீர்க்கும் அந்த நிலையம் இருக்கும் இடத்தின் பெயரையே - கீழ்ப்பாக்கத்தையே - வசைச்சொல்லாக்கி மகிழ்ந்தோம் நாம்! இதயத்துக்கு மருந்துண்போரைக் கண்டு எவரேனும் நகைப்பதுண்டா?

மகனைக் கட்டிவைத்த தாயை நாம் பழிக்கமாட்டோம். அவள் கூலிக்குப் போனால்தான் அன்று அடுப்பெரியும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மனநல மருத்துவரைக் காண வேண்டுமானால், ஒருநாள் கூலியை இழந்து, பஸ் ஏறி, நகரம் போகவேண்டும். அவள் கையிலே சங்கிலியைத் தந்தது வறுமை. அதை வாங்கி வைத்துவிட்டு மருந்தைத் தரவேண்டியது அரசின் கடமை!

மனநல மருத்துவத்தைப் பொது மருத்துவத்தோடு இணைக்கவேண்டும் என்று 1982-லேயே அறிவித்தது தேசிய மனநலத் திட்டம். வீடு தேடிச் சென்று சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து தரும் முறையைத் தமிழகம் 2021-ல் கண்டது. வழி தெரியாமலில்லை, வேகம் வேண்டும்! சர்க்கரையைச் சோதிக்கும் இடத்திலேயே, “இரவு தூங்கினீர்களா அம்மா? மனதிலே என்ன பாரம்?” என்ற கேள்வியும் எழட்டும். மனநோய்க்கு மருந்து தரும் இடத்திலேயே, நோயாளியின் இதயத்தையும் சோதிக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் அதற்கான மருந்தும், பயிற்சி பெற்றவரும் இருக்கட்டும்.

உடல்நோய்க்கும் உள்ளநோய்க்கும் ஒரே வாசல், ஒரே வரிசை, ஒரே மரியாதை! சலுகையாக அன்று, உரிமையாகக் கேட்கிறோம், கிடைக்கும்வரை கேட்போம்!